முட்டைக் கேனின் கழுத்து மணி

எங்கள் ஐஸ்கிரீம் கம்பெனிக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பால் தானே காய்கிறது, தானே ஆறுகிறது. எந்தக் கேனில் என்ன கலவை என்று கட்டம் போட்ட சீட்டு ஒன்றை அதுவே ஒட்டிவிடுகிறது. சீட்டுக்கு நேராகப் போனைப் பிடித்தால் அந்தக் கலவையின் பிறந்த நேரம் முதற்கொண்டு ஜாதகமே வந்து விழுகிறதாம். நான் ஓய்வு பெற்று ஆறு மாதம்தான் ஆகிறது. இதை வாங்குவதற்கு நான் கிளம்பட்டும் என்று காத்திருந்தார்கள் போலிருக்கிறது.

போன வாரம், கலவை அறையை இப்போது பார்த்துக்கொள்ளும் நித்யா போன் செய்தாள்.

"சரசக்கா, முட்டைக் கேன் கழுத்துல ஒரு மாட்டு மணி தொங்குதே, அதைக் கழட்டிடலாமா? நகர்த்தும்போதெல்லாம் லொடலொடன்னு சத்தம். ஆடிட்டுக்கு வர்றவங்க பார்த்துட்டுச் சிரிக்கிறாங்க."

"அது மாட்டு மணி இல்ல கண்ணு. எருமை மணி."

"ரெண்டுக்கும் என்னக்கா வித்தியாசம்?"

"சொல்ல ஆரம்பிச்சா உன்ற போன்ல சார்ஜ் நிக்காது. எழுதி அனுப்பறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன வாக்குக்காக எழுதுகிறேன். நித்யா, இதைப் படித்துவிட்டு மணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

நான் நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக்காரி. சேலத்தில் வேதியியல் படித்தேன். படித்த படிப்புக்கு ஜவ்வரிசி ஆலையில் வேலை கிடைக்கும் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். கிடைத்தது கொண்டப்பநாயக்கன்பட்டி ஐஸ்கிரீம் கம்பெனியில். ஏற்காடு மலைப்பாதை தொடங்குகிற இடம் என்பதால் அங்கே குளுகுளுவென்று இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். குளிரெல்லாம் மேலேதான். அடிவாரத்தில் எங்களுக்குக் கிடைத்தது மலையேறும் வண்டிகளின் ஹாரன் சத்தம் மட்டும்.

முதலாளி பெயர் ஹனீபா. சேலம் டவுன்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். வேலை கேட்டுப் போன அன்று, என் முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டில் வெனிலா ஐஸ்கிரீமை வைத்தார். "இரும்மா, வந்துடறேன்" என்று எழுந்து போய்விட்டார். நான் தொடவில்லை. இருபது நிமிடம் கழித்து வந்தவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுல என்ன தெரியுது?"

"ஓரத்துல தண்ணி தனியாப் பிரிஞ்சு நிக்குதுங்க."

"நாளைக்கு வந்துடு."

இத்தனை பொறுமையான பெண்ணைத் தான் பார்த்ததே இல்லை என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை என்னவென்றால், அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. சில்லென்று எது பட்டாலும் கத்தியிருப்பேன். இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

முதல் மூன்று வருடம் கேன் கழுவினேன், பாலில் கொழுப்பு அளந்தேன், தப்பு செய்தேன், திட்டு வாங்கினேன். அதில் எழுத வேறு ஒன்றுமில்லை. நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது பாயின் தட்டிலிருந்துதான்.

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்தக் கலவையைக் கடைந்தாலும், அதில் ஒரு கரண்டி பாயின் மேஜைக்குப் போக வேண்டும். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். காற்றாடியை நிறுத்தச் சொல்வார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் பார்க்கும் வாத்தியார் மாதிரி உட்கார்ந்துவிடுவார். நாங்கள் சுவை எப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான்: "உருகட்டும்."

இருபது நிமிடம் ஆனதும் தட்டை மெல்லச் சாய்ப்பார். ஓரத்தில் நீர் கசிந்தால் கலவை சரியாகக் கூடவில்லை. நுரை மட்டும் மேலே நின்றால் காற்றை அதிகமாக ஏற்றிவிட்டோம். மணல் மாதிரித் தட்டில் ஒட்டினால் பால்பவுடர் கரையவில்லை. "நாக்குக்கு என்னம்மா தெரியும்? குளிர்ல அது மரத்துப்போயிடும். எதைக் குடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லும். தட்டு அப்படிச் சொல்லாது" என்பார். அவர் வாயால் 'நல்லாருக்கு' என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. தட்டைக் கழுவ அனுப்பிவிட்டால் பாஸ் என்று அர்த்தம்.

பாயின் மைத்துனர் ஒருவர் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். போன துறைமுகத்திலெல்லாம் ஐஸ் தின்று, தின்றதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டு பாயின் கைக்கு வந்த நாளில் எங்களுக்குச் சனி பிடித்தது. கல்யாணங்களில் 'ஏழு நாட்டு ஐஸ்' என்று வரிசையாகக் கவுண்டர் போடலாம் என்றார். அதுவரை எங்கள் உலகம் வெனிலா, ஸ்ட்ராபெரி, பட்டர்ஸ்காட்ச் என்று மூன்று நாடுகளோடு முடிந்திருந்தது.

துருக்கி ஐஸ் என்று ஒன்று. ரப்பர் மாதிரி இழுத்தால் வர வேண்டுமாம். அங்கே ஏதோ ஒரு கிழங்கு மாவு போடுகிறார்கள். கிழங்குக்குச் சேலத்தில் பஞ்சமா? நம்ம மரவள்ளி மாவைப் போட்டோம். இழுத்தால் வரவில்லை. மெஷினுக்குள் இருந்தும் வரவில்லை. ஆபரேட்டர் மாரியப்பன் அரை நாள் உள்ளே கைவிட்டுச் சுரண்டினார். "துருக்கியில இதத்தான் ரோட்டுக்குப் போடறாங்களாக்கா?" என்று கேட்டார். ஏழாவது முறையில்தான் இழுபட்டது. ஜப்பானின் சீவல் ஐஸ் எங்களை ஏமாற்றிவிட்டது. நம் ஊர்த் திருவிழாவில் சீவி, குச்சியில் அமுக்கி, கலர் ஊற்றித் தருகிறார்களே, அதேதான். அவர்கள் கிண்ணத்தில் வைத்து மரியாதையாகக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மெக்சிகோக்காரர்கள் பழ ஐஸில் மிளகாய்த்தூள் தூவுவார்களாம். கொய்யாவில் செய்து பார்த்தோம், எங்கள் ஆட்கள் அதை விற்பனைக்கு மிச்சம் வைக்கவில்லை. ஈரானில் சேமியாவையே உறைய வைக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் சீவிய ஐஸுக்கு நடுவே ஜவ்வரிசியும் வேகவைத்த பயறும் போடுகிறார்கள். நம்ம ஜவ்வரிசிக்கு எங்கெங்கே சொந்தக்காரர்கள் பாருங்கள்.

பிரெஞ்சுக்காரர்தான் வில்லங்கம். அவர் ஐஸ்கிரீமில் முட்டையின் மஞ்சள் கரு சேர்ந்தால்தான் அது ஐஸ்கிரீம். ஏற்காட்டு ஓட்டல் ஒன்று அதை வாராவாரம் கேட்டது. முட்டைக்கு எங்களுக்கு அலைச்சல் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் சென்னியப்பன் என்று ஒரு கோழிப்பண்ணைக்காரர், எனக்கு அண்ணன் முறை. லட்சம் கோழிக்குக் குறையாது. முட்டை அவரிடமிருந்து வந்தது. ஆனால் அந்த முட்டை எங்கே போகிறது என்பதில் பாய் மிகக் கறாராக இருந்தார். கலக்கத் தனி அறை, தனி கரண்டி, தனி கேன்; குளிர் அறை மட்டும் பொது. கேன் கழுத்தில் அடையாளத்துக்கு மஞ்சள் துணி.

"நம்மகிட்ட வாங்கறவங்க சைவமான்னு கேட்டுட்டுத்தான் வாங்கறாங்க. நான் ஆமான்னா நம்பிச் சாப்பிடறாங்க. மத்தவங்களுக்கு ஒரு தடவை தப்பு நடந்தா தப்புதான். எனக்கு நடந்தா, பாய் கடையில இப்படித்தான்னு ஆயிடும். புரியுதாம்மா?" என்றார். புரிந்தது. அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. பாலின் சூடு இவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்வதுபோல் சொன்னார்.

இனி அந்தக் கல்யாணம்.

சென்னியப்பன் அண்ணனின் மகளுக்கு மூன்று வருடமாக வரன் தகையவில்லை. ஜாதகத்தில் ஏதோ கோளாறு. போகாத கோயில் இல்லை. கடைசியில், மகளுக்கு நல்லபடியாக முடிந்தால் மாலை போட்டுப் பழனிக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். வேண்டிய மாதத்தில் வரன் அமைந்துவிட்டது. தை முகூர்த்தம், அடுத்து தைப்பூசத்துக்கு நடை. அண்ணன் மார்கழியிலேயே மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டிவிட்டார். ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டி முட்டை அனுப்புகிற மனிதர் நாற்பத்தெட்டு நாள் விரதம் என்று முட்டையைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகூர்த்தச் சாப்பாட்டுக்கு எங்கள் ஏழு நாட்டு ஐஸ். பிரெஞ்சு ஐஸுக்குப் பதிலாக நம் நாட்டுக் கணக்கில் குங்குமப்பூ பாதாம் ஐஸ்கிரீம், முட்டை கிடையாது. அண்ணன் கம்பெனிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"அம்மிணி, நீ நம்மூர்ப் புள்ள. நீ பார்த்துக்குவீன்னுதான் நான் வேற யாருகிட்டயும் போகல."

நம்மூர்ப் புள்ள என்று அவர் சொன்னதுதான் எனக்கு வினையாகப் போனது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முந்தி, இரவு முழுக்க ஊற வேண்டிய கலவைகளைக் குளிர் அறையில் வைத்துவிட்டுக் கிளம்பும்போது, கல்யாணத்துக்குப் போகிற கேன் மொட்டைக் கழுத்தோடு நிற்பது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எங்கள் பக்கம் கல்யாண வீட்டுக்குப் போகிற அரிசி மூட்டையிலிருந்து உப்புப் பானை வரை முதல் சாமானுக்கு மஞ்சள் துணி ஒன்று கட்டித்தான் அனுப்புவோம். மூன்று வருடம் தவம் கிடந்த கல்யாணம். மஞ்சளை நனைத்து ஒரு துணியில் பூசி, அந்தக் கேன் கழுத்தில் முடிச்சுப் போட்டு, "நல்லபடியா நடக்கோணும் முருகா" என்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வேதியியல் படித்தவள். குளிர் அறையில் இப்போது மஞ்சள் துணி கட்டிய கேன்கள் இரண்டு இருக்கின்றன என்பது என் மண்டையில் ஏறவில்லை.

காலையில் வந்து மாரியப்பனிடம், "கல்யாணத்துக்கு மஞ்சத்துணி கட்டின கேனை எடுங்க" என்றேன். அவர் கதவுக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் துணிக் கேனை எடுத்து வந்தார். அவர் மேல் குற்றமே கிடையாது. அதில் குங்குமப்பூவும் ஏலக்காயும் போட்டதும் நிறமும் மஞ்சள், வாசமும் ஏலக்காய். சந்தேகப்பட ஒன்றுமில்லை. அன்றைக்கு ஏழு வகையும் கடைந்து முடித்து மறுநாள் முகூர்த்தத்துக்கு உறைய வைக்க வேண்டும். நெருக்கடி. பாய் மெஷின் சாமான் வாங்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். மத்தியானம் போனில் கேட்டார்.

"எல்லாத்தையும் உருக விட்டுப் பாத்தியாம்மா?"

ஆறு வகையை உருக விட்டிருந்தேன். குங்குமப்பூவுக்கு மட்டும் நேரமில்லை. முப்பது தடவை செய்த ஐஸ், இதில் என்ன பார்க்க இருக்கிறது என்று நினைத்தேன்.

"ஆச்சுங்க பாய்" என்றேன்.

அந்த ஓட்டல்காரரையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவருக்குப் போனது முட்டையே இல்லாத பிரெஞ்சு ஐஸ். இந்த வாரம் பிரமாதம், அசல் பாரிஸ் ருசி என்று போன் செய்து பாராட்டினார்.

கல்யாணத்துக்கு நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன், பாதி கம்பெனி ஆளாக, பாதி சொந்தக்காரியாக. ஏழு கவுண்டரிலும் கூட்டம். எங்கள் ஆட்கள் துருக்கி ஐஸை இழுத்து இழுத்துக் காட்ட, வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர்கள் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு முன்னால் நின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கை துடைக்க ஒரு மேஜைப் பக்கம் போனேன். யாரோ பாதி தின்று வைத்துவிட்டுப் போன கப்புகள் வரிசையாக உருகிக் கிடந்தன. பழக்க தோஷம், ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். சேமியா ஐஸ் சரி. கொய்யா சரி. குங்குமப்பூ கப்பைச் சாய்த்தேன். அது ஓடவில்லை. ஓரத்தில் துளி நீர் இல்லை. கெட்டிப் பாயசம் மாதிரி வழவழவென்று மெல்ல இறங்கி, கப்பில் ஒரு படலத்தை விட்டுச் சென்றது. முட்டை இல்லாமல் எங்கள் கலவை அப்படி உருகாது. மூக்கருகே கொண்டுபோனேன். குளிர் போனதும் ஏலக்காய்க்கு அடியிலிருந்து அது எழுந்து வந்தது. நாமக்கல் பக்கத்தில் பிறந்தவளுக்கு அந்த வாசனையை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை.

இரண்டு மஞ்சள் துணிகளும் அப்போதுதான் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

நிமிர்ந்து பார்த்தேன். பச்சை வேட்டியும் கழுத்தில் மாலையுமாக சென்னியப்பன் அண்ணன். பக்கத்தில் சம்பந்தி. அண்ணன் கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கப். பாதி காலி.

ஓடிப்போய் அந்தக் கவுண்டர் மூடியைச் சாத்தினேன். "ஃப்ரீசர் ரிப்பேர்" என்று ஒரு பொய். பிறகு சமையல்கட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். ஒளிக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்குத் தோன்றியது பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான். சாப்பிட்டவர் சந்தோஷமாக இருக்கிறார். கல்யாணம் நடந்துவிட்டது. தட்டில் உருக்கிப் பார்க்கிற பைத்தியம் இந்த மண்டபத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் அடுத்த வாரம் வெறுங்காலோடு பழனிக்குக் கிளம்புவார். மகளுக்காக ஒரு குறையும் வைக்காமல் நடக்கிறோம் என்று நம்பிக்கொண்டு நடப்பார். அந்த நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை.

கோயம்புத்தூரில் இருந்த பாயைப் போனில் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். உருக விட்டுப் பார்த்ததாகச் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன்.

"அவருகிட்ட நீ சொல்றியா, நான் வந்து சொல்லட்டுமா?"

"நானே சொல்றேங்க பாய்."

"சொல்லும்மா. நான் கிளம்பிட்டேன்."

அண்ணனைச் சாமான் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டேன்.

"என்ன அம்மிணி, கப்பு பத்தலையா? எடுத்தாறச் சொல்லட்டுமா?"

"இல்லீங்கண்ணா. உங்க கையில இருக்கற ஐஸ்ல முட்டை சேர்ந்துருச்சுங்க. கேன் மாறிப்போச்சு. மாத்துனது நான்தானுங்க."

அவர் கப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கப்பைப் பார்த்தார்.

"யாரு பண்ணை முட்டை?"

கோபமா, விசாரணையா என்று எனக்குப் பிடிபடவில்லை. "உங்க பண்ணைதானுங்க" என்றேன்.

வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "முப்பத்தொம்பது நாளு அம்மிணி. காலைல எந்திரிச்சா முட்டை, படுக்கறப்ப முட்டை. ஒண்ணத் தொட்டு வாயில வெக்கல. கடைசில என்ற முட்டையே கலர் மாத்திக்கிட்டு என்னயத் தேடி வந்துருச்சு பாரு." சிரிக்கத்தான் போனார். பாதியில் முகம் மாறிவிட்டது. "புள்ளைக்காக வேண்டிக்கிட்டது... இன்னிக்குத்தான் தாலி ஏறிருக்குது. அவளுக்கு ஒண்ணும் ஆயிராதல்லோ?"

லட்சம் கோழி வைத்திருக்கும் மனிதர் என்னிடம் அதைக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காலில் விழப் போனேன். "சேச்சே, எந்திரி சாமி" என்று தடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏலக்கா வாசத்துல எனக்கே தெரியல, நீ எப்படிக் கண்டுபுடிச்ச?" என்று கேட்டார். தட்டு விஷயத்தைச் சொன்னேன். உருக வேண்டும், சாய்க்க வேண்டும், ஓரத்தைப் பார்க்க வேண்டும். தன் கப்பைத் தானே சாய்த்து அது மெல்ல இறங்குவதைப் பார்த்தார். "அட, ஆமா" என்றார்.

நடைக்கூட்டத்தின் குருசாமி பந்தியில்தான் இருந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தெரியாமச் சாப்பிட்டதுக்கு முருகன் புள்ள மேல கோவிச்சுக்க மாட்டாரு சென்னியப்பா. அதுல பயமே வேண்டாம். ஆனா மாலையக் கழட்டிட்டு, தல முழுகி, மறுபடி முதல் நாள்ல இருந்து ஆரம்பி. பூசத்துக்கு ஆகாது. பங்குனி உத்திரத்துக்கு நட."

மாலை போட்டிருந்த மற்றவர்கள் எட்டுப் பேர். ஒருவர்கூட அந்த ஐஸைத் தொடவில்லை. எட்டுப் பேரும் பிலிப்பைன்ஸ் கவுண்டரில் ஜவ்வரிசி இன்னும் கொஞ்சம் போடு என்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள். நம்ம சேலத்து ஜவ்வரிசி அன்றைக்கு எட்டுப் பேருடைய விரதத்தைக் காப்பாற்றியது.

மற்ற விருந்தாளிகளுக்கும் சொல்ல வேண்டும் என்றேன். அண்ணனே மைக்கை வாங்கினார். "அந்தக் குங்குமப்பூ ஐஸ்ல முட்டை கலந்துருச்சுங்க. கம்பெனிக்காரங்களே வந்து சொன்னாங்க, மறைக்கல. சைவக்காரங்க மன்னிச்சுக்கோணும்" என்றார். முகம் சுளித்துக் கையைக் கழுவப் போனவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பேசினேன், இரண்டு பேர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அது நியாயம்தான். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் நாலு பேர் மட்டும், "அந்த முட்டை ஐஸ் எங்கீங்கக்கா வெச்சிருக்கறீங்க?" என்று என் பின்னாலேயே அலைந்தார்கள்.

பாய் சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டார். நேராக அண்ணனிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் பக்கத்தில் போனபோது அண்ணன், "பாய், இந்த அம்மிணிய வேலைய உட்டு எடுத்துராதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டா, அடுத்த தடவை யாரு வந்து சொல்லுவாங்க?" என்றார் பாய்.

என்னை அவர் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு போனில், "உருக விட்டுப் பாத்தியாம்மா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். எங்கே இருந்தாலும் வந்து தானே பார்த்தார். திட்டியிருந்தால் ஒரு நாளில் போயிருக்கும். இது இரண்டு மாதம் வலித்தது.

கல்யாணம் முடிந்த வாரம் பண்ணையிலிருந்து வழக்கம்போல முட்டை வண்டி வந்தது. அட்டைகளின் மேல் ஒரு பொட்டலம். பிரித்தால் ஒரு பித்தளை மணி, தோல் வாரோடு. வாரில் எருமை மயிர்கூட ஒட்டியிருந்தது.

"அண்ணன் குடுத்து உட்டாருங்க" என்றார் டிரைவர். "எருமை மேயப் போனா எங்க நிக்குதுன்னு காட்டறதுக்குத்தான் இதக் கட்டறதுங்களாம். மஞ்சத்துணிய யாரு வேணா எதுக்கு வேணா கட்டுவாங்க, கேனுக்கு மணி கட்டறவன் எவனும் இல்ல, முட்டைக் கேனுக்கு இதக் கட்டுன்னு சொல்லச் சொன்னாருங்க."

பாய் மணியைக் கையில் வாங்கி ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். கொதிநீரில் கழுவச் சொன்னார். வாரைத் தூக்கிப்போட்டுவிட்டு எவர்சில்வர் சங்கிலி போட்டுத் தானே கட்டினார். அன்று முதல் அந்தக் கேன் ஓர் அங்குலம் அசைந்தாலும் கம்பெனி முழுக்கத் தெரியும். மாரியப்பன் "எருமை வருது, ஒதுங்குங்க" என்று கத்திக்கொண்டேதான் அதை உருட்டி வருவார். அப்புறம் ஒரு தடவைகூடக் கேன் மாறவில்லை.

பங்குனி வந்தது. தைப்பூசத்து நடை பனியில் போகும். பங்குனி நடை தார் உருகுகிற வெயிலில் போகும். என்னால்தான் அண்ணனுக்கு இந்த வெயில். பாயிடம் போய், நடைக்காரர்களுக்கு வழியில் ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். "நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். நோட்டைப் புரட்டினோம். இத்தாலியில் ஏழை எளியவர்கள் சாப்பிடுகிற ஐஸ் ஒன்று இருந்தது. பாலும் இல்லை, முட்டையும் இல்லை. எலுமிச்சைச் சாறும் சர்க்கரைத் தண்ணீரும் உறைய உறைய முள்கரண்டியால் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சர்க்கரைக்குப் பதில் பனங்கற்கண்டு போட்டேன். சிட்டிகை உப்பு. எவர்சில்வர் தட்டில் நானே உருக விட்டேன். பாய் வந்து பார்க்கவில்லை. தன் அறையிலிருந்து போன் செய்தார்.

"உருக விட்டுப் பாத்தியாம்மா?"

"ஆச்சுங்க பாய்" என்றேன்.

ராசிபுரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் மேஜை போட்டோம். நானும் மாரியப்பனும் ஊற்றிக் கொடுக்க, பாய் கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். உச்சி வெயிலில் கூட்டம் வந்தது. முன்னால் சென்னியப்பன் அண்ணன், பச்சை வேட்டி, புது மாலை, வெறுங்கால். என்னைப் பார்த்துவிட்டார். மகள் நன்றாக இருக்கிறாள் என்று முதலில் சொன்னார். அப்புறம்தான் கையை நீட்டினார். டம்ளர் நிறைய ஐஸைக் கொடுத்தேன்.

அவர் குடிக்கவில்லை. மரநிழலை விட்டு வெளியே போய், டம்ளரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

"என்னங்கண்ணா?" என்றேன்.

"உருகட்டும்" என்றார்.

பின்னால் வரிசை நீண்டது. குருசாமி, "ஏனப்பா, கால் சுடுது, நகரு" என்று சத்தம் போட்டார். அண்ணன் அசையவில்லை. பாய் டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டார். பங்குனி வெயில், அதிக நேரம் பிடிக்கவில்லை. கடைசிச் சில்லும் கரைந்ததும் அண்ணன் டம்ளரை மெல்லச் சாய்த்தார். ஓரத்தைப் பார்த்தார். தூக்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். வெறும் எலுமிச்சைத் தண்ணீர். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, காலி டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு குடு அம்மிணி. இத உருக உடாமச் சாப்புடறேன்."